ஓடாத வண்டியின் பணம்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மொத்தம் ஒன்பது சுவர்க்கடிகாரங்கள். அவற்றில் மூன்று ஒரே அறையில், மூன்று விதமான நேரம் காட்டிக்கொண்டிருக்கும். நோயாளிகள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, அவை வந்த கதை எனக்குத் தெரியும். அரசாங்கம் ஒரு வருஷத்துக்குக் கொடுத்த பணத்தை மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். அதனால் மார்ச் கடைசி வாரம் யாராவது ஒருவர் கம்பம் கடைவீதிக்கு ஓடுவார். கடிகாரமோ இரும்பு பீரோவோ வரும். மாரீஸ்வரி வந்த பிறகுதான் அந்த ஓட்டம் நின்றது.

நான் அங்கே மருந்தாளுநர், பெயர் சுரேஷ்கண்ணன். ஊர்க்காரர்களுக்கு மாத்திரைக்கார சார். ஊர், கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

மாரீஸ்வரி எங்கள் அலுவலகத்து இளநிலை உதவியாளர். சம்பளப் பட்டியல் போடுவது, பில் எழுதுவது, வந்த கடிதத்துக்குப் பதில் போடுவது, போடாத பதிலுக்குத் திட்டு வாங்குவது எல்லாம் அவள் வேலை. உத்தமபாளையம் பக்கத்தில் நெல் போடுகிற வீட்டுப் பெண். மூன்று தடவை தேர்வு எழுதித் தோற்று நாலாவது தடவை பிடித்த வேலை. வந்த கடித உறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி ஒட்டி மறுபடி அனுப்புவாள். தரையில் கிடக்கும் குண்டூசியைப் பொறுக்கி டப்பாவில் போடுவாள்.

"ஒங்க வீட்டுக்காரரு பாவம்மா" என்று நான் கேலி செய்தால், "அவுக நல்லாத்தேன் இருக்காக சார். நீங்க மொதல்ல அந்த ஃபேனை நிப்பாட்டுங்க" என்பாள்.

எங்கள் ஊரில் பாதி வீடுகள் காலை ஐந்தரை மணிக்கே பூட்டிவிடும். பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கம்பமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். திரும்பும்போது இருட்டியிருக்கும். எங்கள் மருந்து கவுண்டர் திறப்பதோ எட்டு மணிக்கு. வீடு தேடி மாத்திரை கொண்டு போகிற பெண்கள்கூடப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். பிரஷர் இருக்கிற பெண் ஒரு மாத மாத்திரை வாங்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். யார் விடுவார்?

இதை எங்கள் டாக்டர் இம்மானுவேல் எழுதி எழுதி ஒரு வருஷம் கேட்டார். கடைசியில் அனுமதி வந்தது. வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் ஜீப் ஸ்டாண்டிலேயே முகாம். அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு நர்ஸ், மருந்துப் பெட்டியும் நர்ஸும் போக வாடகை வண்டி. வண்டிக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். நர்ஸாக விஜி வந்தாள். துறுதுறுவென்ற பெண். ஒரு ஜீப் நிரம்புவதற்குள் பதினாலு பேருக்குப் பிரஷர் பார்த்துவிடுவாள்.

வண்டிதான் தகராறு. வாடகைக்கார் டிரைவர் ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்கிற ஜாதகத்தில் பிறக்கவில்லை. முதல் வாரமே அவர் வந்து சேரும்போது ஜீப் ஸ்டாண்டில் நாய்கள்தான் இருந்தன. அதோடு அவரை நிறுத்திவிட்டோம், அந்த ஓட்டத்துக்கு அவர் பில்லும் தரவில்லை. அப்போது தோட்டத்து ஜீப் ஓட்டுகிற முத்துவீரன் சொன்னார், "எதுக்குங்க அந்தக் காரு? நான் தெனமும் ஆஸ்பத்திரியத் தாண்டித்தேன் ஸ்டாண்டுக்கு வாரேன். சிஸ்டரையும் பெட்டியையும் ஏத்திட்டு வந்தாப் போச்சு." காசு கேட்கவில்லை. அவர் மனைவிக்கும் விஜிதான் சுகர் பார்த்தாள். வருஷம் முழுக்க முகாம் அப்படியே நடந்தது. இருநூற்றுப் பதினாலு பெண்கள் மாதம் தவறாமல் மாத்திரை வாங்கினார்கள்.

அவர்களில் ஒருத்தி அக்கம்மாள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். முதல் நாள் அவளுக்குப் பிரஷர் பார்த்த விஜி, கருவி கெட்டுவிட்டதோ என்று தன் கையில் கட்டிப் பார்த்துக்கொண்டாளாம். அப்படியொரு எண். ஆறு மாதத்தில் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டாள். அக்கம்மாள் மாத்திரை அட்டையை ரவிக்கைக்குள்ளேயே வைத்திருப்பாள். கேட்டால், "பெட்டிக்குள்ள வச்சா மறந்துபோகும்மா" என்பாள்.

மார்ச் வந்தது. வண்டிப் பணம் தொட்டுப் பார்க்காமல் அப்படியே இருந்தது. நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "கார்க்காரரைக் கூப்பிட்டு ஒரு பில் வாங்கிப் போடும்மா. ஊரோட ஒத்து வாழணும்."

"ஓடாத வண்டிக்கு பில்லா சார்? வாங்க மாட்டேன்."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"சரண்டர் பண்ணிருவேன்."

சரண்டர் என்றால் பணத்தைத் திருப்பி ஒப்படைப்பது. யானை வாய்க்குள் போன கரும்பு என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அவள் அப்பா கதையைச் சொன்னாள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது தன் வயல் நிறைந்ததும் மடையை அடைத்துவிட வேண்டும். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், காவலும் கிடையாது. நிறைந்த பிறகும் திறந்து வைத்திருப்பவன் கீழ்வயல்காரன் வயிற்றில் அடிக்கிறான் என்று ஊர் பேசும். அவள் அப்பா நடுராத்திரியில்கூட எழுந்துபோய் அடைத்துவிட்டு வருவாராம்.

"நமக்குப் போதும் சார். விட்டா வேற ஏதாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போகும்ல" என்றாள். அப்படியே கடிதம் எழுதினாள். "வாகனச் செலவில் முழுத் தொகையும் சேமிக்கப்பட்டு ஒப்படைக்கப்படுகிறது." டாக்டர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை முகம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற ஒன்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தெற்குத் தெருவில் இன்னொரு ஜீப் ஸ்டாண்டு இருக்கிறது. அங்கேயும் தினம் நூறு பெண்கள் ஏறுகிறார்கள். அந்த வண்டியை விடிவதற்குள் வரவைத்து அங்கேயும் பெட்டியை இறக்கியிருக்கலாம். அவள் தேடிய கீழ்வயல் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அவள் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்று பழமொழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் புது வருஷத்து ஒதுக்கீடு வந்தது. வாகனம் என்ற இடத்தில் சைபர். நர்ஸ் என்ற இடத்திலும் சைபர். மாரீஸ்வரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். போன வருஷம் எவ்வளவு செலவானதோ அதைப் பார்த்துத்தான் இந்த வருஷம் போடுவார்கள். வண்டி ஒரு நாள்கூட ஓடவில்லை என்றால் முகாம் ஒரு நாள்கூட நடக்கவில்லை என்று அர்த்தம். நடக்காத முகாமுக்கு நர்ஸ் எதற்கு?

"நடந்துச்சே சார், வருஷம் பூராவும் நடந்துச்சே" என்று இவள் போனில் கெஞ்சினாள்.

"ரிக்கார்டுல எங்கம்மா இருக்கு?"

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சோறு இறங்காது. முகாமில் கொடுத்த மாத்திரைக்குத் தனிப் பதிவேடு போட வேண்டும் என்பது உத்தரவு. எனக்குச் சோம்பல். எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்கியதாக ஒரே நோட்டில் ஏற்றிவிட்டேன். யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். காகிதத்தில் அந்த இருநூற்றுப் பதினாலு பெண்களும் காலை எட்டு மணிக்கு மேல் சாவகாசமாக வந்து என் கவுண்டரில் நின்றவர்கள். ஜீப் ஸ்டாண்டு முகாம் என்ற ஒன்று நடந்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் அடையாளமே இல்லை.

விஜி தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டாள். முகாம் நின்றது. பெண்கள் இரண்டு வாரம் ஸ்டாண்டில் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் பார்க்கவில்லை. யாரும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஏன் என்று கேட்கவில்லை. சிலர் மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். பலர் விட்டது மாத்திரையை.

ஆடி மாதம் அக்கம்மாள் தோட்டத்தில் விழுந்தாள். ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். முத்துவீரன் பிழைப்பை விட்டுவிட்டு ஜீப்பில் தூக்கிப் போட்டு மலையிறக்கிக் கொண்டுவந்தார். பிறகு ஆம்புலன்ஸ், தேனி பெரிய ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது. இருபது நாள் கழித்து வந்தபோது வலது கை வேலைக்காகாமல் போயிருந்தது, வலது காலை இழுத்து நடந்தாள். அவள் ரவிக்கைக்குள் மாத்திரை அட்டை அப்போதும் இருந்ததாக முத்துவீரன் சொன்னார். ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டாக ஒடித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறாள். இரண்டு மாதமாக அந்த ஒரு அட்டையை இழுத்திருக்கிறாள்.

அதைக் கேட்ட அன்றைக்கு மாரீஸ்வரி மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாளும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. "போய் ஒரு தடவை பாத்துட்டு வாம்மா" என்றேன். "எந்த மொகத்த வச்சுக்கிட்டு சார்?" என்றாள். தெருவில் அக்கம்மாள் வீடு வரும் என்பதற்காகப் பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, என்னைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

ஐப்பசியில் அடுத்த வருஷத்துக்கான நம்பர் ஸ்டேட்மெண்ட் அனுப்ப வேண்டும். வருகிற வருஷம் எங்களுக்கு எதற்கு எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு அலுவலகமும் எழுதிக் கொடுப்பது. வழக்கமாகப் போன வருஷத் தாளை எடுத்துப் பத்துச் சதவீதம் கூட்டிப் போட்டு அனுப்பிவிடுவோம். இந்தத் தடவை அவள் ஒரு வாரம் எழுதினாள். எழுதியதை என் மேஜையில் வைத்தாள். படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். முகாம் நடந்தது, அரசு வண்டிப் பணம் இருக்கும்போதே தனியார் ஜீப்பில் அனுமதியில்லாமல் நர்ஸும் மருந்தும் போயின, "சேமிப்பு" என்று எழுதியது தன் தவறு, அதனால் நின்ற முகாமை மறுபடி நடத்தப் பணம் வேண்டும், தெற்குத் தெருவுக்கும் சேர்த்து. இதுதான் சாரம்.

"வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிறியே. தை மாசம் ஒனக்கு புரமோஷன் லிஸ்ட் வருது. இத அனுப்புனா மெமோதான் வரும்."

"அது தெரியும் சார். ஆனா நடந்துச்சுன்னு நிரூபிக்காம எப்படிக் கேக்குறது? நீங்க அந்த நோட்டைப் பிரிச்சுக் குடுங்க. எந்த மாத்திரை ஸ்டாண்டுல குடுத்தது, எது இங்கன குடுத்ததுன்னு. ஒங்க பேரு வேண்டாம், கணக்கு மட்டும் போதும்."

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. மூன்று நாள் அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். நாலாவது நாள் உட்கார்ந்து, விஜி விட்டுப்போயிருந்த பிரஷர் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் பிரித்தேன். அடியில் என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. முப்பத்தோராம் வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பதிவேட்டைச் சரியாக எழுதினேன், அவ்வளவுதான்.

தேனியில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. டாக்டரோடு நாங்கள் இரண்டு பேரும் போனோம். அதிகாரி எங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"வண்டி ஓடலை. ஆனா முகாம் நடந்துச்சுங்கிறீங்க. நர்ஸ் எதுல போனாங்க?"

"தோட்டத்து ஜீப்புல சார்" என்றாள் மாரீஸ்வரி.

"வழியில ஒண்ணு ஆகியிருந்தா யாரும்மா பொறுப்பு?"

"நாந்தேன் சார்."

"பணத்தைச் சேமிச்சதா நீங்களே எழுதியிருக்கீங்க."

"தப்பா எழுதிட்டேன் சார். அது சேமிப்பு இல்ல. இன்னொரு நூறு பேருக்குக் குடுக்காம விட்டது."

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தாளின் ஓரத்தில் ஏதோ குறித்தார். பிறகு, "இதை நான் மேலே அனுப்புறேன். ஆனா மெமோவும் குடுத்துத்தான் ஆகணும், அதையும் புரிஞ்சுக்கங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்ன இரண்டையும் செய்தார்.

மெமோ தை மாதம் வந்தது. எனக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். மாரீஸ்வரிக்கு ஆறு மாதம் சம்பள உயர்வு நிறுத்தம், புரமோஷன் பட்டியலில் பெயர் இல்லை. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் ஏறிப் போனார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மெமோவைக் கோப்பில் குத்திவிட்டு அதே குண்டூசி டப்பாவை மூடி வைத்தாள். வீட்டில் அழுதிருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சித்திரையில் ஒதுக்கீடு வந்தது. நர்ஸ் ஒன்று. வண்டிக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், இரண்டு ஸ்டாண்டுக்கும் சேர்த்து. விஜி தேனி வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அங்கே சம்பளம் கூட, "ஆனா ஏசி ஒத்துக்கலை சார்" என்று பொய் சொன்னாள்.

முகாம் மறுபடி தொடங்கிய அன்று ஐந்து மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். மாரீஸ்வரி எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். கிளார்க் முகாமுக்கு வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஜீப்புகள் வரிசையாக நின்றன. பெண்கள் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால், ஏற ஜீப் எதுவும் இல்லாத ஒருத்தி காலை இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். அக்கம்மாள்.

மாரீஸ்வரி அவளைப் பார்த்ததும் பின்னால் ஒரு அடி வைத்தாள். பிறகு நேரே போனாள்.

"பெரியம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருஷம் நர்ஸு வராமப் போனதுக்குக் காரணம் நாந்தேன். இந்த முகாமுக்கு வந்த வண்டிக் காசை நான் மிச்சம்னு திருப்பி அனுப்பிட்டேன். அதுனாலதேன் நிறுத்திட்டாக. அதுனாலதேன் ஒங்களுக்கு..." அக்கம்மாளின் வலது கையைக் காட்டினாள்.

அக்கம்மாள் திட்டுவாள் என்று நான் நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பக் காசு இருந்துச்சாம்மா?" என்றாள்.

"இருந்துச்சு பெரியம்மா."

"நாங்க கவர்மெண்டுகிட்ட காசு தீந்துபோச்சுன்னுல்ல நெனச்சோம். ஏழபாழைக்கு எம்புட்டு நாளைக்குத்தேன் குடுப்பாக, இம்புட்டு நாள் குடுத்ததே பெருசுன்னு பேசாம இருந்துட்டோம். இருக்குன்னு தெரிஞ்சிருந்தா வந்து கேட்டிருப்போம்ல?"

முத்துவீரன் ஜீப்பைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விஜி அக்கம்மாளின் இடது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். மாரீஸ்வரி அங்கேயே நின்று அழுதாள், எல்லார் முன்னாலும், முந்தானையை எடுத்து மூடிக்கொள்ளாமல்.

அடுத்த முகாமுக்கு அவள் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒட்டினாள். இந்த முகாமுக்கு இந்த வருஷம் வந்த பணம் இவ்வளவு. இதுவரை செலவு இவ்வளவு. இருப்பு இவ்வளவு. மாதா மாதம் மாற்றி எழுதப்படும்.

"இதுக்கும் ஒரு மெமோ வரும்" என்றேன்.

"வரட்டும் சார்" என்றாள்.

பெண்கள் ஜீப்பில் ஏறுமுன் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ஏறினார்கள். எழுத்துத் தெரியாத அக்கம்மாள் முத்துவீரனை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். பிறகு நல்ல கையால் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது பங்குனிக்குள்ள தீந்துருமா?"

"தீந்துரும் பெரியம்மா" என்றாள் மாரீஸ்வரி.

"தீரட்டும் தாயி. மிச்சம் வச்சிராத."